இறங்கும்போது நூறு

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாமல், விமான ஆசனங்களின் அடிப்பக்கம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கண்டியில், கொழும்பு வீதியில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் குடியிருந்தார். எந்த விமானத்தில், எத்தனையாவது வரிசையில், எந்தக் கதிரைக்குக் கீழே லப்டொப் சார்ஜ் ஏற்றும் சொக்கெட் இருக்கிறது, அதில் எது வேலை செய்யும், எது செருகியதும் கழன்று விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விமானத்தைக் கட்டியவனுக்கே அவ்வளவு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஊருக்கு அவர் பற்றரி மாஸ்டர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதை நாங்கள் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் சீருடைக்காரர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மாத்தளையில் றேடியோக் கடை வைத்து, எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அது எரிந்தபோது ஒரு ஸ்க்ரூட்ரைவரோடும் திருத்த வந்த ஒரு கசற் ரெக்கோடரோடும் வெளியே ஓடி வந்தவர். இரண்டு வருடத்தில் மனைவி நோயில் போய்விட்டார். ஒரே மகள் சுபாவை சித்தி கனடாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். மாஸ்டர் றேடியோவை விட்டு லப்டொப் திருத்தக் கற்றுக்கொண்டு கண்டிக்கு வந்தார். சட்டைப் பையில் எப்போதும் அந்த ஸ்க்ரூட்ரைவர் இருக்கும். சட்டையைத் துவைக்கப் போடும்போதுகூட அதை எடுத்தாரா என்பது எனக்கு நிச்சயமில்லை.

நான் அதே மாடியில், பக்கத்து அறையிலிருந்த டிக்கட் ஏஜென்சியில் எழுதுவினைஞன். தினமும் நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வந்து போகிறவன். என்னிடம் டிக்கட் வாங்கியவர்கள் அப்படியே கீழே இறங்கிப் போய்விட முடியாது. படிக்கட்டின் வாசலில் மாஸ்டர் நிற்பார். அவரிடம் பாஸாகித்தான் போக வேண்டும்.

இப்போது இதைப் படிக்கும் இளவட்டங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது யுத்தம் மூர்க்கமாக நடந்த காலம். கண்டியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் போவதற்குள் ஐந்தாறு இடத்தில் வாகனத்தை மறிப்பார்கள். லப்டொப் வைத்திருந்தால் அந்த இடத்திலேயே இயக்கிக் காட்ட வேண்டும். திரையில் வெளிச்சம் வந்தால் அது லப்டொப். வராவிட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் அந்தக் கேள்வி சீக்கிரத்தில் முடியாது. உலகத்தில் மற்றவர்கள் வேலை செய்யவும் படம் பார்க்கவும் சார்ஜ் ஏற்றினார்கள். நாங்கள் வீடு போய்ச் சேருவதற்காக ஏற்றினோம்.

மாஸ்டருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. லண்டனிலிருந்து தகப்பனுடைய செத்தவீட்டுக்கு வந்த ஒரு பையன், பதினொரு மணித்தியாலமும் விமானத்தில் படம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். இறங்கும்போது பற்றரியில் ஒரு பொட்டு இல்லை. கண்டி வீதியில் முதல் தடையிலேயே பிடித்து ஒரு பொலிஸ் நிலையத்தில் இருத்திவிட்டார்கள். சார்ஜர் எங்கே என்றால், லண்டனில், கட்டில் தலைமாட்டுச் சுவரில். தாய் மாஸ்டரிடம் ஓடி வந்தாள். மாஸ்டர் ஒரு கையில் குடை, மறு கையில் சார்ஜரோடு பஸ் ஏறினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பொறுப்பதிகாரியின் அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பொயின்ட். அதில் அவருடைய மேசை விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை. குனிந்து விசிறியைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் செருகினார்.

"மாத்தயா, பத்து நிமிசம் வேர்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார், மாத்தயா என்ற ஒரு சிங்களச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் தமிழிலேயே.

பொறுப்பதிகாரி ஆத்திரத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அதற்குள் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது, பாதியில் நின்ற படத்தின் கதாநாயகி ஒற்றைக் காலில் நின்றாள். பையனை விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் கண்டிக்கு வந்து சேர்ந்தபோது தகப்பனை எரித்து முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து யாராவது விமானத்தில் படம் பார்ப்பேன் என்றால் மாஸ்டருடைய முகம் கறுத்துவிடும்.

அடுத்த வாரமே அவருடைய அறைக்குள் ஒரு பஸ் ஆசனம் வந்தது. கழித்துக் கட்டிய பஸ்ஸில் இருந்து கழற்றிய, இருவர் இருக்கும் ஆசனம். அதற்கு முன்னால் ஒரு பலகையைப் பிணைச்சல் போட்டு, விரித்து மடக்கும் மேசையாக்கினார். கதிரைக்குக் கீழே, கை எட்டியும் எட்டாத இடத்தில், ஒரு சொக்கெட். பயிற்சி தொடங்கியது.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் ஒஸ்ரேலியாவுக்குப் போக டிக்கட் எடுத்தார். அவரைப் பிடித்து ஆசனத்தில் இருத்தினார் மாஸ்டர்.

"பிளேன் எழும்பியாச்சு. சொக்கெட் உங்கட பக்கம் இல்லை. பக்கத்திலை நித்திரை கொள்ளுற வெள்ளைக்காரன்ரை காலுக்கிடையிலை இருக்கு. என்ன செய்வியள்?"

நித்திரை கொள்ளும் வெள்ளைக்காரன் நான்தான்.

"எழுப்புவன்" என்றார் தபாலதிபர்.

"எப்பிடி?"

"தோளிலை தட்டி."

"தட்டினால் அவன் வழக்குப் போடுவான். இங்கிலீசிலை கேக்கோணும். சொல்லுங்கோ, எக்ஸ்கியூஸ் மீ சேர், மே ஐ புட் மை பிளக்?"

தபாலதிபர் இருபது தடவை சொன்னார். எனக்கு உண்மையிலேயே நித்திரை வந்துவிட்டது. "வெள்ளைக்காரன் உப்பிடிக் குறட்டை விடமாட்டான் தம்பி" என்று மாஸ்டர் என் காலில் தட்டினார்.

ஒரு மாதம் கழித்துத் தபாலதிபரிடமிருந்து கடிதம் வந்தது. பணிப்பெண் வந்து கோழியா மீனா என்று கேட்டிருக்கிறாள். பயத்தில் அவருக்கு வாயில் வந்தது ஒரே வசனம்தான்: எக்ஸ்கியூஸ் மீ, மே ஐ புட் மை பிளக்? அவள் சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாளாம். "சாப்பாடு கிடைக்கவில்லை. ஆனால் நூறில் இறங்கினேன்" என்று முடித்திருந்தார். மாஸ்டர் அந்தக் கடிதத்தைச் சுவரில் ஒட்டினார். "இறங்கும்போது நூறு" என்பது அவருடைய சட்டம். ஏறும்போது எவ்வளவு இருந்தாலும் சரி, இறங்கும்போது பற்றரி நூறு காட்ட வேண்டும்.

இப்படி ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பிய மனிதருக்கு இரண்டு தடவை விசா மறுத்தார்கள். மகளைப் பார்த்து இருபத்தொரு வருடமாகியிருந்தது. சுபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மூன்றாம் தடவை எழுதிப் போட்டார். கிடைத்துவிட்டது. அன்று அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, கடவுச்சீட்டைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அரை மணித்தியாலம் கழித்து மறுபடி வந்து, தனக்கு எந்த ஆசனம் வேண்டுமென்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். நடு வரிசை, ஓரம், சொக்கெட் தனக்கே உரியது.

போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பஸ் ஆசனத்தில் உட்கார்ந்து, லண்டன் வரையிலான பதினொரு மணித்தியாலமும் பறந்தார். மடியில் லப்டொப், பலகையில் சோற்றுப் பார்சல். கழிப்பறைக்குப் போகும்போது, பக்கத்தில் இல்லாத மனிதனின் கால்களை மிதிக்காமல் பக்கவாட்டாக நடந்து போனார். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தாங்க் யூ" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

அந்த லப்டொப்பில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் காட்டினார். மாத்தளையில் எரியாமல் தப்பிய ரெக்கோடருக்குள் ஒரு கசற் இருந்திருக்கிறது. திருத்திய ரெக்கோடரை வீட்டில் ஓடவிட்டுப் பரீட்சிப்பது அவர் வழக்கம். அப்படி ஒருநாள் மத்தியானம் தவறிப் பதிவானது. பாத்திரச் சத்தம். ஒரு குழந்தையின் சிரிப்பு. பிறகு ஒரு பெண் குரல், எரிச்சலோடு: "உந்த றேடியோவைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். சுபா, அப்பாவைக் கூப்பிடு பிள்ளை, சோறு ஆறுது." அவ்வளவுதான். கசற் நைந்து போனதால் அதை லப்டொப்பில் ஏற்றி வைத்திருந்தார்.

"தாய்ன்ரை குரல் அவளுக்கு ஞாபகம் இராது. கலியாணத்தண்டு கேக்கட்டும்" என்றார்.

புறப்பட்ட அன்று ஏஜென்சியின் வான் வண்டியில் மூன்று பேர் போனோம். மாஸ்டர், பயணிகளை விட்டுவர நான், அதே விமானத்தில் லண்டனுக்குப் படிக்கப் போகும் செல்வராணி. ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் முதல் ஆள். அவளுடைய லப்டொப் மாஸ்டர் திருத்திக் கொடுத்தது, அவருடையதைப் போலவே அச்சாக இருக்கும். வான் ஓட்டியவர் அக்குறணை நிஸாம் நானா.

முதல் நான்கு தடைகளிலும் இரண்டு பேரும் இயக்கிக் காட்டினார்கள். நான்காவது தாண்டியதும் செல்வராணி மெல்லிய குரலில் சொன்னாள்.

"சார், எட்டுதான் காட்டுது."

மாஸ்டர் திரும்பினார். "நேற்று நூறிலை குடுத்தனான்."

"நேத்து லயத்துல எல்லாரும் பாக்கணும்னு வந்துட்டாங்க சார். ஒவ்வொருத்தரா காட்டினேன். விடியக்காலையில சார்ஜ் போடலாம்னா கரண்ட் இல்ல. கோவிச்சுக்காதீங்க."

மாஸ்டர் கோபித்தார். அடுத்த பத்து நிமிடம் அவர் பேசியதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஏச்சு முடிந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். தூரத்தில் பெரிய தடை தெரிந்தது. விமான நிலையத்துக்கு முன்னால் கடைசித் தடை அது, அங்கே சும்மா விடமாட்டார்கள். மாஸ்டர் தன்னுடைய லப்டொப்பை மடியில் கவிழ்த்தார். கிளிக் என்று ஒரு சத்தம், பற்றரி கையில் வந்தது. அவளுடையதைப் பறித்து அதையும் கழற்றினார். மாற்றிப் போட்டார்.

"மாஸ்டர், உங்களுக்கு?" என்றேன்.

"நான் கிழவன். என்ரை முகத்தைப் பாத்தே விட்டிடுவான். ஆனா இந்தப் பிள்ளையை ஒருக்கா உள்ளை கொண்டுபோனால் எப்ப வெளியிலை விடுவாங்களோ தெரியாது."

"மாஸ்டர், வானை ஓரமா போடவா, கொஞ்சம் யோசிப்போமே" என்றார் நிஸாம் நானா.

"யோசிக்க நேரமில்லை. ஓட்டும்."

"மேக ஒன் கரன்ன" என்றான் சிப்பாய். இதை இயக்கு என்று அர்த்தம், அந்தச் சிங்களம் அந்நாளில் எல்லோருக்கும் தெரியும். செல்வராணியின் திரையில் வெளிச்சம் வந்தது. மாஸ்டருடையதில் வந்தது, லேசாக மினுங்கியது, அணைந்தது. மறுபடி அமுக்கினார். ஒன்றுமில்லை. சிப்பாய் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் படித்தான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டான். சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரையும் அப்போதுதான் கண்டார்கள்.

நான் வாயைத் திறந்தேன். மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பற்றரி மாறியதைச் சொன்னால் பிள்ளையும் இறங்க வேண்டிவரும்.

"பிள்ளையைக் கொண்டுபோய் ஏத்தும். நான் பின்னாலை வாறன்" என்றார். கடைசியாக அவளிடம், "பிள்ளை, சொக்கெட் வலது காலுக்குக் கீழை. இறங்கேக்கை நூறு" என்றார்.

அவளை ஏற்றினோம். திரும்பி வந்தபோது அவரை ஒரு பொலிஸ் நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவருடைய சார்ஜர் எங்கள் வானில், அவருடைய பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் காலைதான் எங்களை உள்ளே விட்டார்கள். அங்கேயும் ஒரே பிளக் பொயின்ட், அங்கேயும் ஒரு விசிறி. இந்தத் தடவை பிடுங்கியவன் நான். மாஸ்டர் மர வாங்கில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். திரை எரிந்ததும் விட்டுவிட்டார்கள். விமானம் எப்போதோ போய்விட்டிருந்தது. வேறு விமானத்தில் இடம் தேடுவதற்குள் கல்யாண நாளும் போனது, விசாவின் நாளும் போனது. சுபாவிடம் தொலைபேசியில், "பிளேனைத் தவற விட்டிட்டன் பிள்ளை, என்ரை பிழைதான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குரலைத் தபாலில் அனுப்பலாமே என்றதற்கு, நேரிலைதான் குடுப்பன் என்றார். நான்காம் தடவையும் ஐந்தாம் தடவையும் மறுத்தார்கள். யுத்தம் முடிய ஒரு வருடம் இருக்கையில், ஒரு பின்னேரம், பஸ் ஆசனத்தில் இருந்தபடியே அவருடைய உயிர் போயிருந்தது. மடக்கு மேசை விரித்திருந்தது. அவர் எங்கே போவதற்கு உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

செல்வராணி படித்து முடித்து வந்து, ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றிய பற்றரியை என்னிடம் தந்தாள். "இது சார்கிட்ட குடுக்கணும்னு வச்சிருந்தேங்க" என்றாள். அதை என்னிடம் இருந்த அவருடைய லப்டொப்பில் போட்டேன். ஏஜென்சி வேலையாக ரொறன்ரோ போகும் வாய்ப்பு வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சொக்கெட் பக்கத்து ஆளின் காலுக்கிடையில் இருந்தது. அவர் வாயைத் திறந்து நித்திரை கொண்டார், நல்ல குறட்டை.

"எக்ஸ்கியூஸ் மீ சேர், மே ஐ புட் மை பிளக்?" என்றேன்.

இறங்கிய இடத்தில் யாரும் இயக்கிக் காட்டச் சொல்லவில்லை. சுபாவின் சமையலறையில்தான் முதலில் திறந்தேன். அவளுடைய மகள் அடுப்படியில் விளையாடிக்கொண்டிருந்தாள். குரல் வந்தது. "சுபா, அப்பாவைக் கூப்பிடு பிள்ளை, சோறு ஆறுது." சுபா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். எத்தனை தரம் போட்டேன் என்று எண்ணவில்லை.

"சார்ஜ் முடிஞ்சிடுமோ அண்ணா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

முடியாது தங்கச்சி என்றேன், உங்க அப்பா சொன்னபடி நூறில்தான் இறங்கினேன்.