ஓடிபி அக்காவின் ஒரே கேள்வி

போனில் பேசியே பணம் பிடுங்கும் பயல்களை ஒழிக்கத் தனிப் படையெல்லாம் வேண்டாம். திருச்செங்கோட்டில் எங்கள் போர்வெல் ஆபீசில் கணக்குப் பார்த்த ஓடிபி அக்காவை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போதும். பாதிப் பேர் தொழிலை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போய்விடுவான்கள். மீதிப் பேர் பைத்தியம் பிடித்து அலைவான்கள்.

அவருடைய சொந்தப் பெயர் பேங்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். 'ஓடிபி அக்கா' என்று பெயர் வைத்தவர்கள் எங்கள் வண்டிப் பையன்கள். முதலாளிக்கு இரண்டு ரிக் வண்டிகள். ஒன்று ஆந்திராவில் போர் போடும், இன்னொன்று சத்தீஸ்கரில். டீசலுக்கோ டயருக்கோ பணம் வேண்டுமென்றால் பையன்கள் ஆபீசுக்குப் போன் அடிப்பார்கள். அக்கா உடனே அனுப்ப மாட்டார். பேங்க் ஓடிபி கேட்கிற மாதிரி முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"காலைல என்ன பலகாரமுங்க சாப்புட்டீங்க?"

எங்கள் வண்டிகளோடு சமையல்காரரும் போவார். விடிந்ததும் அக்கா இரண்டு சமையல்காரர்களையும் கூப்பிட்டு அன்றைய பலகாரத்தைக் கேட்டு மனதில் போட்டுக்கொள்வார். எழுதி வைக்க மாட்டார். எழுதினால் எவனாவது பார்த்துவிடுவானாம். பணம் கேட்கிறவன் சொல்வதும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கிலிருந்து காசு நகரும்.

இது சும்மா வந்த கிறுக்கு இல்லை. முன்பு ஒருத்தன் புது நம்பரிலிருந்து, போர் போடும் எங்கள் டிரில்லர் பேசுவதாகக் கூப்பிட்டு, "அக்கா, போனு குழிக்குள்ள உழுந்துருச்சு. இந்த நம்பருக்கு டீசல் காசு போடுங்க" என்றான். எங்கள் தொழிலில் போன் போர்க்குழிக்குள் விழுவது வாரம் தவறாமல் நடப்பது. அக்கா நம்பி அனுப்பினார். மறுநாள் பார்த்தால் டிரில்லரின் போன் அவர் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. பேசினவன் எவனோ. ரிக் வண்டி முதுகில் முழ உயர எழுத்தில் ஆபீஸ் நம்பரை எழுதி ஊர் ஊராக ஓட்டினால் திருடன் கண்ணுக்கு மட்டும் படாமலா போகும்? அந்தப் பணத்தை அக்கா தன் கையிலிருந்து கட்டினார். அன்றிலிருந்துதான் பலகாரக் கேள்வி.

நான் அந்த ஆபீசில் மேனேஜர். எனக்கும் விலக்கு கிடையாது. ஒருமுறை ஆந்திரா வண்டியில் பம்ப் உடைந்து, நானே நேரில் போயிருந்தேன். புது பம்புக்குப் பணம் கேட்டுப் போன் அடித்தேன்.

"மேனேஜருங்க, காலைல என்ன பலகாரமுங்க?"

"என் கொரலு தெரியலைங்களா உங்களுக்கு?"

"கொரலு தெரியுதுங்க. பலகாரந்தான் தெரியலை."

"நான் காலைல சாப்புடறதில்லைங்க. டீ மட்டுந்தான்."

"டீ பலகாரத்துல சேராதுங்க. போய்ச் சாப்புட்டுட்டுக் கூப்புடுங்க."

கொளுத்தும் வெயிலில் நின்றுகொண்டு நான் கத்தாத கத்தல் இல்லை. அக்கா போனை வைத்துவிட்டார். ஆறிப்போன இட்லிகளைக் கோபத்தோடு விழுங்கிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். சமையல்காரன் திரும்பி நின்று சிரித்தான். சிரிப்பு என்ன சிரிப்பு, அக்காவால் அவனுக்கும் ஆபத்துதான். பழைய சோற்றைப் போட்டு ஏமாற்ற முடியாது, விடிந்ததும் விசாரணை வரும்.

ஒருநாள் ஆபீசுக்கு வீடியோ கால் வந்தது. போலீஸ் உடுப்பு, பின்னால் கொடி. அக்கா பேரில் வந்த பார்சலில் போதை மருந்து இருந்ததாம்.

"பார்சலுங்களா? எந்த லாரி சர்வீசுங்க? டோர் டெலிவரியா, குடோன் டெலிவரியாங்க?"

"அம்மா, விளையாடாதீங்க. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கேமராவை விட்டு நகரக் கூடாது!"

"சரிங்க சாமி. கேமரா எங்கீமே நகராதுங்க."

போனை ஜன்னலில் சாய்த்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே சர்வீஸ் முடிந்த கம்ப்ரசரை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் மலைக்கோயில் வரை காக்கை பறக்கும். அக்கா வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தார். லைன் செத்துக் கிடந்தது.

"பாருங்க, கைதி சாப்புட்டு வாரதுக்குள்ள போலீசு ஓடிப் போயிருச்சுங்க."

போனில் கைது செய்கிற போலீஸ் எந்த ஊரிலும் கிடையாது. இதைப் பட்டம் வாங்கினவர்களுக்கே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இன்னொரு நாள் என் போனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தெரியாத நம்பர். திறக்கப் போனேன்.

"யாரு ஊட்டுக் கண்ணாலமுங்க?" என்றார் அக்கா.

"தொறந்து பார்த்தாத்தானுங்க தெரியும்."

"வெத்தலை பாக்கு வெச்சு நேர்ல கூப்புட்டாலே நீங்க போவ மாட்டீங்க. ஆருன்னே தெரியாதவன் கண்ணாலத்துக்கு என்னத்துக்குங்க இத்தன அவசரம்?"

கோபத்தில் அழித்துவிட்டேன். அதே பத்திரிகையைப் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் திறந்தார். அது பத்திரிகை இல்லை, போனுக்குள் புகுந்துகொள்ளும் திருட்டு ஆப். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. மொய் மட்டும் அவர் கணக்கிலிருந்து மொத்தமாகப் போனது.

இதெல்லாம் சின்னச் சமாச்சாரம். பெரியது ஆடி மாதத்தில் வந்தது.

வடக்கே மழை பிடித்ததும் வண்டிகள் ஊர் திரும்பும். ஆடிப்பெருக்குக்கு முன்னால் பையன்களின் சீசன் கூலியை மொத்தமாகத் தீர்ப்பது எங்கள் வழக்கம். இரண்டு வண்டி ஆட்களின் வேர்வையும் அந்த ஒரே கணக்கில் கிடந்தது. அது போனால் ஒருத்தன் வீட்டிலும் பண்டிகை கிடையாது. முதலாளி அன்று சேலம் போயிருந்தார். புது நம்பரிலிருந்து எனக்குப் போன். முகப்பில் முதலாளி படம். குரலும் சாட்சாத் அவர் குரல்.

"மேனேஜருங்க, பழைய ரிக் ஒண்ணு அமைஞ்சிருக்குது. என் போன்ல சார்ஜ் இல்லை. கணக்குல இருக்கறதை அப்படியே இந்த நம்பருக்குப் போடச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா குனிந்து கேட்டார்.

"ஐயா, காலைல என்ன பலகாரமுங்க?"

"விளையாடற நேரமா இது? உடனே அனுப்புங்க!"

"அனுப்பறனுங்க. என்ன பலகாரமுங்க?"

"இட்லி."

"தப்புங்க." கட் பண்ணிவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "மொதலாளிகிட்டயே பரீட்சை வெக்கறீங்களா? வேலை போச்சுன்னா நான் தனியாப் போவ மாட்டேன். உங்களையும் கூட்டிட்டுத்தான் போவேன்!"

மிரட்டல் மெசேஜ்கள் வந்தபடி இருந்தன. முதலாளியின் சொந்த நம்பரோ அணைந்து கிடந்தது. அக்கா தண்ணீர் குடித்தார்.

"மேனேஜருங்க, நான் தப்புன்னா என் வேலைதான் போவும். நீங்க தப்புன்னா பசங்க கூலி போயிருமுங்க."

நான் முதலாளியின் சொந்த நம்பரையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு யுகம் கழித்து முதலாளியின் சொந்த நம்பரிலிருந்து அழைப்பு. "எதுக்குங்க இத்தன தடவை கூப்புட்டிருக்கீங்க? ஆசுபத்திரில போனை அணைச்சு வெச்சிருந்தேன்."

"ஐயா, காலைல என்ன பலகாரமுங்க?"

"கேப்பைக் கூழு!"

"தப்புங்க." அதையும் கட் பண்ணிவிட்டார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

திரும்ப அழைப்பு. இந்த முறை கிசுகிசுப்பு.

"பூரிங்க. ரெண்டு செட்டு. கூட ஒரு வடை. டாக்டருகிட்டயும் ஊட்டுக்காரிகிட்டயும் கூழுன்னு சொல்லி வெச்சிருக்கேன், பக்கத்துலயே நிக்கறா. நான் காசு ஒண்ணும் கேக்கலையேங்க, எதுக்குங்க இந்த விசாரணை?"

"இப்பத்தானுங்க நீங்க மொதலாளி," என்றார் அக்கா.

முதலாளிக்குச் சர்க்கரை. காலை நடைப்பயிற்சி என்று கிளம்பிப் பூரிக் கடைக்குப் போவது அவருடைய டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த டிரைவரையும் அக்கா தினம் விசாரித்து வைத்திருக்கிறார்! வண்டி விளம்பரத்துக்காக முதலாளி போட்ட வீடியோக்களிலிருந்து அவர் குரலை எடுத்து எவனோ கம்ப்யூட்டரில் போட்டுப் பொம்மை மாதிரி பேச வைத்திருக்கிறான். குரலைத் திருடிவிட்டான். பூரியைத் திருட முடியவில்லை.

அந்த வாரமே பையன்கள் கூலி வாங்க வந்தார்கள். நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. "அக்கா, நேர்ல வந்தாலும் பலகாரம் சொல்லோணுமா?" என்று ஒருத்தன் கிண்டலடித்தான்.

"சொல்லோணுஞ் சாமி. சாப்புட்டியா இல்லையா?"

அக்கா இப்போது வேலையை விட்டுவிட்டு வாழப்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். எனக்கு எப்போதாவது போன் வரும். பணம் காசு பேச்சு ஒன்றும் கிடையாது. எடுத்தவுடன் அதே கேள்விதான். பதில் சொல்லாமல் அடுத்த பேச்சுக்குப் போக விடமாட்டார்.

அதனால் நான் இப்போதெல்லாம் காலையில் சாப்பிடாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அக்கா எந்த நாளில் கூப்பிடுவார் என்று சொல்ல முடியாது.