சம்பந்தி ஸ்வெட்டரோடு சந்தைக்குப் போன விவரம்

செஞ்சி,
17-5-1964

மதிப்புக்குரிய மாப்பிள்ளை செல்லப்பன் அவர்களுக்கு மாமனார் கோதண்டராமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை கமலாம்பாளும் சௌக்கியம். மலைக்காற்று வாங்க நீங்கள் அனுப்பிவைத்த உங்கள் தகப்பனாரும் சௌக்கியம். இடது கை மட்டும் சற்று வீங்கியிருக்கிறது. வேறு யாராவது எழுதுவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது என்று கமலாம்பாள் சொன்னாள்.

சம்பந்தி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உள்ளே ஒரு ஸ்வெட்டர், மேலே ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா. மலை ஊர் என்றதும் ஊட்டி மாதிரி நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எங்கள் மலை வெறும் பாறை. பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க ஊர்மேல் கக்கும். பெண்ணைக் கொடுத்தவன் இதை எப்படி வாய் திறந்து சொல்வது? அவர் மனம் சங்கடப்படக் கூடாதே என்று நானும் பெட்டியிலிருந்த கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, அக்கினி நட்சத்திர உச்சி வெயிலில் அவரை வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அழைத்துப் போனேன், அங்கே வெள்ளரிப் பிஞ்சு விற்கிற ரஞ்சிதம் எங்களைப் பார்த்து இன்னா ஜுரமா என்று கேட்டாள், நாக்கு வறண்டிருந்த நான் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன், சம்பந்தி முகமோ வேர்க்குருவால் சிவந்து கிடந்தது, அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் அம்மை வார்த்திருக்கிறது என்று சந்தை முழுக்கப் பரவிவிட்டது.

கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. புளியமர நிழலில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி வேப்பிலைக் கொத்தை எங்கள் காலடியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மோர்க்காரர் சொம்பைத் தூரத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். சம்பந்தி சொம்பைக் காலி செய்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"உங்களுக்கு ஊர்ல இவ்ளோ மரியாதை இருக்குதுன்னு எம் பையன் சொல்லவே இல்லியே."

அதற்குப் பிறகு, மாப்பிள்ளை, உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் யாரோ சொல்லி, அம்மைத் தடுப்பூசி குத்துகிறவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பார்த்துவிட்டு என்னைத் தனியே இழுத்து, இது வெறும் வேர்க்குரு, ஆனாலும் இந்த வெயிலில் மிதித்து வந்துவிட்டேன், குத்தாமல் போகமாட்டேன் என்றார். ஊருக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சம்பந்தியிடம் சொல்லிவைத்து, மப்ளர், மேல் ஸ்வெட்டர், உள் ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக உரித்தோம். நனைந்த பனியனில் காற்றுப் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். குத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இப்பத்தாங்க மலைக்காத்து வருது" என்றார்.

கை வீக்கம் தானே வற்றிவிடுமாம். அவர் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இங்கே இருக்கட்டும். எங்களுக்குத் துளியும் சிரமமில்லை, இது அவர் வீடு. எங்கள் பெண் வசந்தாவும் நீங்களும் ஒரு குறையுமின்றி வாழ ஆசீர்வதிக்கும்,

கோதண்டராமன்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது சம்பந்தி வந்து, இந்த மரியாதையை அனுபவிக்கத் தம்பிமார் எல்லோரையும் குடும்பத்தோடு வரச்சொல்லிக் கார்டு போட்டுவிட்டதாகச் சொன்னார். வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன். நானும் கமலாம்பாளும் நாளை முதல் பஸ்ஸில் அங்கே புறப்பட்டு வருகிறோம். இந்தக் கடிதத்தை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.