மஞ்சள் செர்ரிக்கு நான் வாங்கிக் கொடுத்த முதலிடம்

பிடிவாதத்துக்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்துக்கொண்டு அலைந்தவன் நான். அதற்கான தண்டனையும் மான்ட்ரியலிலேயே கிடைத்தது.

இரண்டாயிரங்களில் அங்கே உணவு அறிவியல் படித்தேன். பழைய வகை இனிப்புச் செர்ரிகளில் எதன் சாற்றில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதிகம் என்பதுதான் என் ஆய்வு. கறுத்த பழம்தான் ஜெயிக்கும் என்றார் பேராசிரியர். யாரும் சீண்டாத மஞ்சள் வகைதான் என்று நான் அடித்துச் சொன்னேன். (ஆதாரம் ஒன்றும் இல்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.)

ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக் குளிர்பெட்டி படுத்துவிட்டது. செர்ரி சீசனும் முடிந்திருந்தது. சாறு கெட்டால் ஒரு வருடம் போச்சு. எட்டு பாட்டில்களை ஐஸில் புதைத்து, மெட்ரோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோய், வில்லரே பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஃபிரிட்ஜில் அடுக்கினேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து மனோ அக்கா. யாரும் குடித்துவிடக் கூடாது என்று அவரிடம் மூன்று தடவை சொன்னேன்.

திங்கட்கிழமை சோதனை. ஊதாக் கரைசலில் சாற்றை விட வேண்டும்; எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சத்து. மஞ்சள் செர்ரிச் சாறு பட்டதும் ஊதா இருந்த இடமே தெரியவில்லை. விடாமல் மூன்று முறை செய்தேன். (அதே பாட்டிலிலிருந்து. மேதை!) பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும் தன் தோல்வியை ஒப்புக்கொண்டு, துறைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்.

மாலையில் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

"அந்த வெளிறின போத்திலோ தம்பி? மணந்து பார்த்தன், புளி மணமே இல்லை. தேசிக்காய் விட மறந்திட்டியள் எண்டு நான்தான் ரெண்டு பிழிஞ்சு விட்டனான்."

"குடிக்கக் கூடாதுன்னு சொன்னேனேக்கா."

"ஓம், நான் குடிக்கேல்லையே."

எலுமிச்சை அந்தக் கரைசலை வெளுக்கச் செய்யும் என்பது முதல் வாரத்துப் பாடம். மறுநாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பும் போட்டார்களா என்று கேட்டார் அவர். அங்கிருந்தே அக்காவுக்கு போன் செய்தேன். போடாமல் விடுவார்களா என்றார் அக்கா.

விட்டுவிடவில்லை. அடுத்த கோடையில் மறுபடி பழம் வாங்கி, பிழிந்து, அளந்தேன். மஞ்சள் கடைசி இடம். அதை என் கையாலேயே எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன்.

இன்றும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் என் மனைவி வாதாடுவதே இல்லை. "உப்பு போட்டாச்சா?" என்று மட்டும் கேட்பாள். பிள்ளைகளும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.