திடீர் நாடகத்துக்கு ஆறு பக்க ஒத்திகை

பாடக்குறிப்பு எழுதாமல் நான் எந்தக் காரியத்திலும் இறங்கியதில்லை. மோட்டார் போடுவது பற்றி மேல்வீட்டுக்காரரோடு சண்டை என்றால்கூட முந்தின நாளே பாயின்ட் பாயின்டாக எழுதிக்கொள்வேன். (அவர் எதையும் எழுதாமலே ஜெயித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.)

அப்படிப்பட்ட கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஒருநாள் பிளஸ் டூ வகுப்பில், பாதிச் சமன்பாட்டில், அடுத்த வரி மறந்துபோனது. நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டேன். அதன்பிறகு வகுப்பு வாசலைப் பார்த்தாலே மூச்சு முட்டியது. நீண்ட லீவு. ஜூனில் உள்ளே நுழைய முடியாவிட்டால் ராஜினாமாதான். நுழைந்தே தீருவது என்று முடிவுகட்டி, தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில் சனிக்கிழமைதோறும் நடந்த குழு சிகிச்சையில் சேர்ந்தேன்.

அங்கே மருந்தே நாடகம்தான். எழுதிய வசனம் கிடையாது. எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் “ஆமா” என்று ஒப்புக்கொண்டு, மேலே ஒன்று சேர்த்துப் பேச வேண்டும்.

“அடுத்த வாரம் நீங்களும் பாஸ்கர் அண்ணாவும். வழியில நின்னுபோன ஷேர் ஆட்டோ. எதையும் யோசிக்காம வாங்க,” என்றார் கவுன்சலர் லீனா மேடம்.

யோசிக்காமலா? நானா? ஆறு பக்கம் எழுதினேன். ஜெராக்ஸ் எடுத்து பாஸ்கர் அண்ணாவிடம் கொடுத்தேன். அவர் பம்மல் பக்கம் நிஜமாகவே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஒரு விபத்துக்குப் பிறகு தூக்கம் போய் அங்கே வந்துகொண்டிருந்தார். முக்கியமான இடங்களில் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

சனிக்கிழமை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆட்டோ ஆயின. நான் பின்னால் உட்கார்ந்து, “ஏன் அண்ணா வண்டி நின்னுடுச்சு?” என்றேன். முதல் பக்கம், முதல் வரி.

பாஸ்கர் அண்ணா கண்ணை இறுக மூடினார். “இன்ஜின் சூடாயிடுச்சும்மா பெல்ட்டும் பூடுச்சு கோச்சுக்காதம்மா மெக்கானிக் வந்துகினே கீறாரு ரிப்பேர் ஆயிடுச்சு பல்லாவரம் வந்துடுச்சு எறங்கு தாயீ பாத்துப் போ!”

ஆறு பக்கமும் ஒரே மூச்சில் காலி.

“அண்ணா, முதல் பதில் மட்டும் சொல்லுங்க,” என்று பல்லைக் கடித்தேன்.

“அல்லாத்தையும் சொல்ட்டனே டீச்சரம்மா. எதுனா மிச்சம் கீதா?”

எதுவும் மிச்சமில்லை. பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. இப்போது ஓடினால் ஜூனிலும் ஓடுவேன் என்று தெரிந்தது. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“அடுத்து என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு,” என்று அழுதேவிட்டேன்.

பாஸ்கர் அண்ணா விதியை மறக்கவில்லை. “ஆமா தாயீ, எனக்கும் பயமாத்தான் கீது. வா, ரெண்டு பேருமா வண்டிய தள்ளலாம்.”

தள்ளினோம். நாற்காலிகளோடு ஹாலை மூன்று சுற்று வந்ததில் என் செருப்பு அறுந்தது. லீனா மேடம் சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே ஓடினார். (கவனிக்கவும்: அன்று வெளியே ஓடியது அவர்தான், நான் இல்லை.)

ஜூனில் பள்ளி திறந்தது. வகுப்பில் நுழைந்ததும் கை நடுங்கியது. “பிள்ளைங்களா, எனக்குப் பயமா இருக்கு. ஆனா போகமாட்டேன்,” என்றேன்.

முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “நீங்க உட்காருங்க மிஸ். நாங்களே அட்டெண்டன்ஸ் எடுத்துக்கறோம்.”

உட்கார்ந்தேன். கை அடங்கியதும் எழுந்து பாடம் நடத்தினேன்.

இதை வீட்டில் சொன்னதுதான் தப்பு. சாம்பாரில் உப்பு போட்டேனா என்று நான் ஒரு நிமிஷம் திகைத்து நின்றால் போதும். “உட்காருங்க மிஸ், நாங்களே அட்டெண்டன்ஸ் எடுத்துக்கறோம்,” என்று மகள் கரண்டியைப் பிடுங்குகிறாள். டி.வி. முன்னாலிருந்து மாமனார் கையைத் தூக்கி, “உள்ளேன் ஐயா!” என்கிறார்.