கண் வீங்கிச் செத்த தேனீக்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், அவர் மனைவி மாலை நேரச் சட்ட வகுப்பில் சேர்ந்துவிட்டாள். விளைவு? ஒரு மனிதர், அதுவும் நாலு பேருக்குப் பார்வை கொடுக்கிற மனிதர், ஆறிப்போன சாப்பாட்டைத் தன் கையாலேயே போட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று. உலகம் கண்டுகொள்ளவில்லை.

அப்போதுதான் ஒரு விடுமுறை நாள் காலையில், கொல்லைப்புறத் தேன்பெட்டியின் வாசலில் இருபது முப்பது தேனீக்கள் செத்துக் கிடந்தன.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது மனைவி. தேனைப் பார்த்துக்கொள்வது அவர்.

கடையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டு ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். துள்ளி எழுந்தார்.

"இங்க வா! எல்லாத்துக்கும் கண்ணு வீங்கியிருக்கு! தலை முழுக்கக் கண்ணுதான். இருபது வருஷமா கண்ணு பார்க்கிறவன் சொல்றேன், இது நோய். கவனிக்க ஆள் இல்லாம வந்த நோய்!"

"கவனிக்கிறது நான்தானே?"

"அதைத்தான் சொல்றேன். நீ வகுப்புக்குப் போக ஆரம்பிச்சே, இதுங்க சாக ஆரம்பிச்சுது. இன்னைக்குத் தேனீ. நாளைக்கு நான்."

"உங்களுக்குக் கண்ணு வீங்கலையே."

"கிண்டல் வேண்டாம். வகுப்பை நிறுத்து!"

அவள் சண்டைக்கு வரவில்லை. அவர் உஷாராகியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

"சரிங்க. பெட்டி குடுத்தவரையே கேட்போம். என் கவனக்குறைவுன்னு சொன்னார்னா அன்னைக்கே நிறுத்திடறேன். இல்லன்னா, படிப்பு முடியற வரைக்கும் ராத்திரிச் சமையல் உங்களோடது. எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில், ஜெயித்துவிட்ட வேகத்தில், போட்டார்.

மறுநாள் மாலை பெட்டிக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். கடைக்காரர் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த செத்த சாட்சிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நோயுமில்ல ஒண்ணுமில்ல சார். அத்தனையும் ஆம்பளை. ஆணுக்குக் கண்ணு அப்படித்தான். பறக்கிற ராணியைத் தேடிப் பிடிக்கணும்ல?"

"அப்ப ஏன் செத்துது?"

"இது பூ குறையற காலம். ஆண் தேன் சேர்க்காது. கூட்டைச் சுத்தம் பண்ணாது. காவலுக்கு நிக்காது, கொட்டறதுக்குக் கொடுக்கே கிடையாது. உட்கார்ந்து சாப்பிடும். பொண்ணுங்க பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, ஒரு நாள் இழுத்துட்டு வந்து வாசல்ல தள்ளிடும். அப்புறம் உள்ளே விடாது. பட்டினிதான். அக்கா பெட்டியை நல்லா வெச்சிருக்காங்க சார், ஒரு குறை சொல்ல முடியாது."

பெட்டிக்காரர் போய்விட்டார். கடைக்காரர் தீப்பெட்டியை மெதுவாக மூடினார். அலமாரியிலிருந்த தேன் பாட்டிலை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"இருந்தாலும்... துரத்தறதுக்கு முன்னாடி அதுங்களுக்கு ஒரு வாய்ப்புக் குடுத்திருக்கலாம்."

மனைவி புத்தகப் பையைத் தோளில் போட்டுச் செருப்பை மாட்டினாள்.

"அதான் உங்களுக்குக் குடுத்திருக்கேனே. வெங்காயம் கூடையில இருக்கு."