பீரோவும் பல்பும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய மச்சான் அபகூகிக்கு,

சுவாவிலிருந்து சக்கியூசா எழுதிக்கொள்வது. காந்தாவுத் தீவில் நீயும் உன் மனைவி அக்கேனெதாவும் உங்கள் பன்றிகளும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே யாரும் நலமில்லை. காரணம் நீ.

போன ஈஸ்டருக்கு வந்தாயே, என் வீட்டு மீனைத் தின்றாய், என் பாயில் படுத்தாய், அதோடு எழுந்து போயிருக்கலாம். கூடத்தில் என் மர பீரோ இருந்தது. உள்ளே இரவு பகலாக ஒரு குண்டு பல்பு எரியும். அந்தச் சூட்டில்தான் என் கேமரா லென்ஸ்கள் ஈரம் படாமல் பிழைத்துக் கிடந்தன. சுவா மழையில் செருப்பில்கூடக் காளான் முளைக்கும் என்பது உனக்குத் தெரியாதா? நீ பீரோவைத் தடவிப் பார்த்துவிட்டு, "மச்சான், கெரெகெரே. இது எனக்கு வேணும். எங்க வீட்டுல பிஸ்கட்டெல்லாம் நமுத்துப் போகுது" என்றாய். நம் வழக்கப்படி சொந்தக்காரன் கெரெகெரே என்று வாய்விட்டுக் கேட்ட பிறகு இல்லை என்று சொன்னால், கஞ்சன் என்ற பேர் என் பிள்ளைகளுக்கும் அல்லவா ஒட்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு கப்பல் வரை நானே தூக்கி வந்தேன். அங்கே வைத்து பல்பையும் கேட்டாயே, பாவி.

அன்று பிடித்தது வினை. லென்ஸ்களைத் தோல் பையில் போட்டுக் கட்டிலடியில் வைத்தேன். பாதிரியார் மகள் கல்யாணத்தன்று எடுத்துப் பார்த்தால், எல்லாக் கண்ணாடிக்குள்ளும் சிலந்தி வலை போலப் பூஞ்சை. வேறு வழியில்லாமல் அதிலேயே படமெடுத்தேன். ஊரே சோற்றுப்பானை ஆவிக்குள் நிற்கிறது. பாதிரியார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சக்கியூசா, எம்பொண்ணு எங்கப்பா?" என்றார். விரலால் காட்டினேன். "அது கேக்கு" என்றார்.

உன் அக்கா லைசனி சொன்னாளென்று லென்ஸ்களை அரிசிக்குள் புதைத்தேன். தூசி உள்ளே போய், வளையத்தைத் திருப்பினால் இப்போது நறநறக்கிறது. அந்த அரிசியை உலையில் போட்டதில் லென்ஸ் மூடியும் வெந்தது. அதற்கும் ஏச்சு எனக்குத்தான். "எந்தம்பி கேட்டப்ப வாய மூடிக்கிட்டுக் குடுத்தீங்க, இப்ப எங்கிட்ட எதுக்குக் கத்துறீங்க?" என்கிறாள்.

என் படகை விற்று ஒரு புது லென்ஸ் வாங்கியிருக்கிறேன். அதுவும் பூத்துப் போனால் என் தொழில் போச்சு, விற்க வேறொன்றும் இல்லை. ஆகவே அடுத்த கப்பலில் பீரோவும் பல்பும் வர வேண்டும். இனி என் வீட்டிலிருந்து ஒரு ஊசிகூட வெளியே போகாது. எவன் வந்து கேட்டாலும் முகத்துக்கு நேரே முடியாது என்பேன்.

உன் குடும்பத்துக்கும் தோட்டத்துக் கிழங்குக்கும் ஆண்டவர் ஆசி உண்டாகட்டும். உனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக.

இப்படிக்கு, கோபம் தணியாத மச்சான்,
சக்கியூசா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை வாங்கிப் போக உன் தம்பி பொனிபாத்தே வந்தான். தேநீர் குடித்தான். "மச்சான், கெரெகெரே. அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம், படம் எடுக்கணும்" என்று கேமராவைக் கேட்டான். கொடுத்துவிட்டேன். புது லென்ஸும் அதோடுதான் வருகிறது. பீரோ இனி இங்கே வேண்டாம். பிஸ்கட்டை வெளியே எடுத்துவிட்டுக் கேமராவை அதற்குள் வை. பல்பை அணைத்துவிடாதே.