முதல் வரிசையில் ஆதி தாளம்

தனக்குச் சங்கீதம் தெரியும் என்று ஒருவன் வாய் திறந்து சொல்லாதவரைக்கும் ஊருக்கும் ஆபத்தில்லை, அவனுக்கும் ஆபத்தில்லை. இரண்டு வருடம் மிருதங்கம் படித்தவன் என்பதை நான் சொல்லாத ஆளில்லை. (யாரும் கேட்டதில்லை.)

சில வருடங்களுக்கு முன், ஜெர்மனியிலிருந்து இத்தாலியின் பலேர்மோவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் புறப்பட்டேன். விமானத்தில் போயிருக்கலாம். நானோ ஊர் பார்த்துக்கொண்டு போகிறேன் பேர்வழி என்று ரயில் மாறி ரயில் ஏறி, நாப்போலியில் கப்பல் பிடித்து, கதிரையில் குந்தியபடியே கண் மூடாமல் வந்து சேர்ந்தேன். துறைமுகத்தில் நின்ற அக்கா சுகம்கூட விசாரிக்கவில்லை.

"கெதியா வா. குளிச்சுப்போட்டு வெளிக்கிடு. பதினொரு மணிக்குக் கச்சேரி."

"எனக்கு நித்திரை வருது, அக்கா."

"நித்திரையைப் பிறகு கொள்ளு. இண்டைக்கு விட்டால் எனக்கு வேறை நாளில்லை."

விஷயம் இதுதான். அக்கா லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு வயதான சின்யோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் வேலை செய்கிறாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவளுடைய மகளுக்கு யூலையில் தலைப்பிரசவம். போய் நிற்க இரண்டு மாத லீவு வேண்டும். சின்யோராவோ ஒரு கிழமைக்கே முகம் சுளிக்கிறவர். அன்று அவருடைய பேத்தி முதல்முதலாக மேடையில் வயலின் வாசிக்கிறாள். மனிசி மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்டுவிடுவது அக்காவின் திட்டம். "என்ர தம்பிக்குச் சங்கீதமெண்டால் உயிர்" என்று சொல்லி எனக்கும் ஒரு அழைப்பு வாங்கி வைத்திருந்தாள்.

ஊரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய சின்னத் தேவாலயம். சுவர் முழுக்க வெள்ளைச் சாந்தில் செய்த குண்டுக் குழந்தைகள். ஒருவர் செருமினால் பத்துப்பேர் செருமுகிற எதிரொலி. சின்யோரா என்னை மரியாதையாக முதல் வரிசை ஓரத்தில், பேத்திக்கு நேர் எதிரே இருத்தினார். பக்கத்தில் அவர், அவருக்கு அந்தப் பக்கம் அக்கா.

பதினாறு வயதுப் பிள்ளை, கூட மூன்று பேர். மெதுவான உருப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடத்தில் என் கண் செருகியது. ஐயோ, நித்திரை கொண்டால் அக்காவின் லீவு போச்சு! விழித்திருக்க வேண்டுமே என்று ஊர் வழக்கப்படி தொடையில் தாளம் போடத் தொடங்கினேன். எங்கள் கோயில் கச்சேரிகளில் முன்னுக்கு இருப்பவன் தாளம் போடாவிட்டால்தான் குற்றம். (வித்துவான் அவனை முறைத்துப் பார்ப்பார்.) ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அந்தக் கல் கட்டடம் ஒவ்வொரு தட்டையும் வாங்கித் திருப்பிச் சொன்னது. அக்கா இருமினாள். பாவம், தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

பிள்ளை ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். நித்திரை வர வர என் தாளம் விளம்பகாலத்துக்கு இறங்கியிருக்கிறது. பதற்றத்தில் இருந்த பிள்ளை என் தட்டைப் பிடித்துக்கொண்டு தானும் இறங்கியிருக்கிறாள். அவளுக்காக மற்ற மூவரும். கடைசியில் மேலே போன என் கை கீழே வரவில்லை. நாலு வில்லும் அந்தரத்தில் நின்றுவிட்டன.

அந்த நிசப்தம்தான் என்னை எழுப்பியது. வாசிப்பு முடிந்துவிட்டதாக்கும் என்று எழுந்து நின்று, "ஆஹா! பேஷ்!" என்று கை தட்டினேன். தட்டியது நான் ஒருவன்தான். பிள்ளையின் கண் நிறைந்திருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். நான் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அக்கா, "உனக்கு நான் என்னடா பாவம் செய்தன்?" என்றாள். நான் நித்திரை முழுக்கப் போய்விட்ட முகத்தோடு நின்றேன்.

மறுநாள், லீவு என்ற சொல்லையே எடுப்பதில்லை என்ற முடிவோடு வேலைக்குப் போனாள். சின்யோராவே கலவரமான முகத்தோடு தொடங்கினார்.

"உன் தம்பி மறுபடி எப்போது வருவார்? யூலையில் பேத்திக்கு அதே தேவாலயத்தில்தான் இன்னொரு வாசிப்பு."

அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு பெருமூச்சு விட்டாள்.

"யூலையில்தான் வருகிறான், சின்யோரா. நான் இங்கே இருந்தால்."

"இல்லாவிட்டால்?"

"யாரைப் பார்க்க வருவான்?"

சின்யோரா எழுந்து போய்க் கலண்டரை எடுத்து வந்தார். இரண்டு மாத லீவு.

அந்த யூலையில் பிறந்த அக்காவின் பேரனுக்கு இப்போது ஐந்து வயது. அவனைப் பார்க்க லீவு தேவைப்படும் ஒவ்வொரு முறையும் அக்கா எனக்கு ஃபோன் எடுப்பாள்.

"தம்பி, சின்யோராட்டை நீ வாறாய் எண்டு சொல்லப்போறன். ஓமோ?"

"ஓம்" என்பேன். குடும்பமே பின்னால் நின்று சிரிப்பது கேட்கும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் என்னை உண்மையிலேயே வரச் சொன்னதில்லை.